ஈசாக்கு மறுபடி தோண்டிய கிணறுகள்

தகப்பன் வெட்டி, பெலிஸ்தர் தூர்த்துப்போட்ட கிணறுகளை ஈசாக்கு மறுபடி தோண்டினான் (ஆதியாகமம் 26). புதுக் கிணறு தோண்டியதையே நாம் அதிகம் பேசுகிறோம்.

அமெரிக்கப் பாலைவனங்களில் 1940களில் காடைகளுக்காக மழைத்தொட்டிகள் கட்டத் தொடங்கினார்கள். சிமெந்துத் தளத்தில் விழும் மழை நிலத்தடித் தொட்டிக்குள் வழியும். பிராணிகள் சரிவில் இறங்கிக் குடிக்கும். தளம் வெடித்தால் தொட்டி வற்றும். சரிவு வழுக்கினாலோ, உள்ளே போன ஆமை ஏறமுடியாமல் சாகும். திருத்தாத தொட்டி பொறிதான்.

காசு? 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 வீத வரி; அது வனவிலங்குப் பணிக்குப் போகிறது. சுடுகிறவர் காசில் தண்ணீர்!

வில்பத்துக் காட்டிலும் முற்காலக் குளங்கள் உண்டு. வண்டல் நிறைந்தால் ஓகஸ்டில் யானைக்கும் மானுக்கும் சேறுதான்.

ஹவுன்ஸ்லோவில் நாம் புதுக் கிணற்றுக்கென்றால் உடனே காணிக்கை போடுவோம், பெயர்ப்பலகை வைக்கலாமே. தூர் வாருவதற்கு? அடுத்த வாலிபர் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.