வியர்வைப் பணம் எங்கே போகிறது?

அய்யம்பாளையத்துத் தோழர்களுக்கு மழையைப் பற்றி நாம் பாடம் சொல்லத் தேவையில்லை. பழனி மலையில் மழை பெய்தால் மருதாநதி அணை நிறையும். பொய்த்தால் கிணறு வறளும், தென்னை வாடும், தோப்பில் வேலை இராது, கூலி இராது. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் கடற்கரையோடு நின்றதா? நம் திண்டுக்கல் மாவட்டத்தையும் அல்லவா உலுக்கிற்று! பருவம் தவறினால் முதலில் அடுப்பு அணைவது யார் வீட்டில்? பங்குச் சந்தைப் பிரபு வீட்டிலா? கூலிக்காரன் குடிசையில்!

நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எழும் புகையே பூமி சூடேறப் பெருங்காரணம் என்கின்றனர் விஞ்ஞானிகள். அந்தப் புகைக்கு முதல் போட்டவர் யார்? திகைக்க வேண்டாம் தோழர்களே, நாமும்தான்!

நூற்பாலைத் தோழனின் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்கு 12 ரூபாய் வைப்பு நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. முதுமையில் பிறர் கையை எதிர்பாராமல் வாழச் சேர்க்கும் பணம். அதில் பெரும்பகுதி கடன் பத்திரங்களில் போடப்படுகிறது. 2015 ஆகஸ்டு முதல் ஒரு பகுதி பங்குச் சந்தைக்கும் போகிறது. புதிதாகச் சேரும் பணத்தில் நூற்றுக்கு 5 என்று தொடங்கியது, 2017இல் 15 ஆயிற்று. கம்பெனி கம்பெனியாகப் பார்த்து வாங்குவதில்லை. 50 கம்பெனிகள் அடங்கிய ‘நிப்டி’ போன்ற கூடையாகவே வாங்குகிறார்கள். அந்தக் கூடையில் கோல் இந்தியாவும் உண்டு!

ஆனால் நம் கணக்குப் புத்தகத்தில் காண்பதென்ன? நாம் கட்டியது, முதலாளி கட்டியது, வட்டி. அவ்வளவே! நிலக்கரிக்கு மதிப்புக் குறைந்தால் எவ்வளவு நட்டம், வெள்ளம் வந்தால் எந்த ஆலை மூழ்கும் என்று அதில் ஒரு வரி கிடையாது.

“இதெல்லாம் படித்தவர் பேச்சு, நமக்கு வட்டி வந்தால் போதும்” என்பார் சிலர். 25 வயதில் கட்டத் தொடங்குபவன் 58 வயதில் அல்லவா ஓய்வு பெறுகிறான்? 33 ஆண்டு கழித்து அந்தக் கம்பெனி நிலைத்தால்தானே வட்டி?

ஆஸ்திரேலியாவில் மார்க் மெக்வே என்ற இளைஞர் இதைத்தான் கேட்டார். கடைச் சிப்பந்திகளின் ஓய்வு நிதியான ‘ரெஸ்ட்’ மீது 2018இல் வழக்குத் தொடுத்தார். 2020 நவம்பரில் நிதி நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது. பருவநிலை ஆபத்தை அளந்து வெளியிட ஒப்புக்கொண்டது. பிரிட்டனிலோ 2021 அக்டோபர் முதல் பெரிய ஓய்வூதிய நிதிகளுக்கு இத்தகைய அறிக்கை சட்டப்படி கட்டாயமாயிற்று.

இங்கும் 2022–23 முதல் பங்குச் சந்தையின் முதல் 1000 கம்பெனிகள் தம் சுற்றுச்சூழல் கணக்கை வெளியிட வேண்டுமெனச் செபி விதித்தது. பணம் வாங்கிய கம்பெனி கணக்குக் காட்ட வேண்டும். பணத்துக்கு உரியவனுக்கு மட்டும் கணக்கு வேண்டாமா? கேட்கிறோம்!

அறிக்கை வந்தால் மட்டும் புகை நின்றுவிடாது, அறிவோம். வண்ணத்தாளில் பொய்யையும் அச்சிடலாம். நிலக்கரியிலிருந்து நாளையே பணத்தை உருவ வேண்டுமென்றும் நாம் சொல்லவில்லை. சுரங்கத்தில் வேலை செய்பவனும் நம் தோழன்தான். அவனுக்கு மாற்று வேலையும் முழு உரிமையும் தராத மாற்றம், மாற்றமல்ல, வஞ்சகம்! ஆனால் கணக்கே தெரியாதவன் எதைத் திருத்தச் சொல்வான்?

வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் 10 பேருக்கு இடமுண்டு. ஒவ்வொரு ஆலைச் சங்கமும் தீர்மானம் போட்டு அவர்களுக்கு அனுப்பட்டும்: எங்கள் பணம் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது, தமிழில், ஆண்டுக்கு ஒருமுறை சொல்லுங்கள்!

பணம் நம்முடையது. கேட்கும் வாயும் நம்முடையதாக இருக்கட்டும்!