கொப்பியின் வலது பக்கம்

இலங்கைத் தேர்தல் நடைமுறையில் எனக்குப் பிடித்தது வாக்களிப்புக்கு முன்னால் வரும் அமைதிக் காலம். 2024 ஜனாதிபதித் தேர்தல் செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்தது. 18ஆம் திகதி நள்ளிரவோடு பிரசாரம் முடிந்தது. அதற்குப் பிறகு கூட்டம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது. அதுவரை றக்வானை டவுனைச் சுற்றிச் சுற்றி வந்த வேன்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. களத்தில் 38 பேர். இத்தனை பேர் கத்தியதையும் கேட்டாயிற்று, இனி வீட்டில் உட்கார்ந்து யோசி என்று சட்டமே வாக்காளருக்கு லீவு கொடுக்கிறது.

அந்த லீவு மேடைக்கும் மைக்குக்கும்தான். போனுக்கு அது தெரியாது. எங்கள் ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் அந்த நாட்களிலும் வீடியோக்கள் கொட்டிக்கொண்டே இருந்தனவாம். நான் பார்க்கவில்லை. தோட்டத்துக் கோயிலில் ஆடிப்பூசை முடிந்த கையோடு என் சொந்த அமைதிக் காலத்தைத் தொடங்கியிருந்தேன்.

நான் றக்வானைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மாவும் அம்மாயியும் கொழுந்து எடுத்தவர்கள். வீட்டில் எல்லோருக்கும் அரசியல் பேச வரும். எனக்கும் வரும், கொஞ்சம் கூடுதலாகவே. ஒரு நாள் மேல்வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நீங்க சொல்றது உங்க கருத்தா, டிவியில சொன்னதா?" என்று கேட்டாள். குறும்பாகத்தான் கேட்டாள். பதில் சொல்ல முடியாத கேள்வியும் அல்ல. ஆனாலும் பதிலைத் தேடிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இரவு டிவிச் செய்தி, காலை ரேடியோச் செய்தி, கடையில் விரித்து வைத்திருக்கும் பத்திரிகை, பேஸ்புக், குழுக்கள், எல்லாவற்றையும் நிறுத்தினேன். மழையை மட்டும் நிறுத்தவில்லை. இரத்தினபுரி மாவட்டத்தில் 2003 மேயிலும் 2017 மேயிலும் மண் சரிந்து எத்தனை பேர் போனார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று விடும் எச்சரிக்கையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் விரதத்துக்கு வெளியே. மலையடியில் லயத்தை வைத்துக்கொண்டு அரசியல் தெளிவுக்காக அதையும் கேட்காமலிருப்பது பைத்தியக்காரத்தனம்.

அடுத்ததாக ஒரு கொப்பி வாங்கினேன். இடது பக்கத்தில் என் அரசியல் கருத்து ஒன்று. வலது பக்கத்தில் அது எனக்கு எப்படி வந்தது என்பது: நானே கண்டதா, தாளில் உள்ளதா, யாராவது சொன்னதா. இடது பக்கம் மளமளவென்று நிரம்பியது. வலது பக்கத்தில்தான் பேனை நின்றுகொண்டே இருந்தது.

முதல் வரி சம்பளம். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அதுதான் முதல் வரியாக இருக்கும். "சம்பளத்தைக் கூட்டித் தந்தது சங்கம்" என்று எழுதினேன். அதற்குக் கீழேயே "சங்கங்களால் ஒரு பிரயோசனமும் இல்லை" என்றும் எழுதினேன். இரண்டையும் நான் வெவ்வேறு நாட்களில் உறுதியாகப் பேசியிருக்கிறேன். ஒன்றின் வலது பக்கத்தில் "டிவி" என்று வந்தது, மற்றதில் "பேஸ்புக்".

மதினியிடம் போய்ச் சம்பளத் துண்டுகளைக் கேட்டேன். பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. செய்தி அந்த எண்ணோடு நின்றுவிடும். துண்டு அதற்குப் பிறகும் பேசும்: எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர், மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு, சேமலாப நிதிக்கு 8 வீதம், சங்கச் சந்தா எவ்வளவு. நிறுவையில் குறைந்த நாள் அரைப்பேர். மழையில் மலை ஏறாத நாள் ஒன்றுமில்லை. 1000 என்ற எண்ணை எல்லோருக்கும் தெரியும். அந்த மாதம் தன் கைக்கு என்ன வந்தது என்பது மதினிக்குத்தான் தெரியும்.

2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1700 என்றார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. செப்டெம்பரில் சம்பள நிர்ணயச் சபை வழியாக அடிப்படைச் சம்பளம் 1350 என்று ஆனது. அந்த முடிவு வந்தபோது நான் செய்தி பார்க்காமல் இருந்தேன். "கூடுதாம் புள்ள. துண்டுல வரட்டும், பாப்போம்," என்று மதினிதான் சொன்னார். இந்த விஷயத்தில் எந்த நிருபரையும்விட மதினியை நம்பலாம். 1350இன் வலது பக்கத்தில் துண்டு வந்த பிறகுதான் எழுதினேன்.

செய்தியை நிறுத்தினால் மனிதர் மாறுவாரா என்பதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2018இல் அங்கே இடைத்தவணைத் தேர்தலுக்கு முன்பு, ஹன்ட் ஓல்கொட், மத்தியூ ஜென்ஸ்கோ முதலிய பொருளியலாளர்கள் பேஸ்புக் பாவிப்பவர்களில் ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் கணக்கை மூட வைத்தார்கள். நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணித்தியாலம் மிஞ்சியது. மனம் சற்று இலேசானது. அரசியல் விஷயங்களில் இரு முனைகளுக்கிடையிலான தூரம் கொஞ்சம் குறைந்தது. நாட்டு நடப்பைப் பற்றிய அறிவும் கூடவே குறைந்தது. நல்லதையும் கெட்டதையும் பிரித்து எடுக்க முடியவில்லை.

இந்த அளவோடு நின்றிருந்தால் நானும் எல்லோருக்கும் செய்தி விரதத்தைச் சிபாரிசு செய்திருப்பேன். பொஸ்னியாவில் நடந்த இன்னொரு ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. 2019 ஜூலையில், ஸ்ரெப்ரெனிகா படுகொலையை நினைவுகூரும் வாரத்தில், அங்கேயும் சிலரைப் பேஸ்புக்கிலிருந்து விலக்கி வைத்தார்கள். இனப்போர் நடந்த நாடு, நினைவு வாரம். விலகியவர்களின் மனம் ஆறும் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. விலகியவர்கள் மற்ற இனத்தவரைப் பற்றி, விலகாதவர்களைவிடத் தாழ்வாகவே சொன்னார்கள். தங்கள் இனத்தவர் மட்டுமே சுற்றியிருந்தவர்களிடம் இது இன்னும் அதிகம். போனை மூடியதும் காதில் விழுந்தது தங்கள் தெருவின் பேச்சு மட்டும்தான்.

இதைப் படித்தபோது எங்கள் லயம் ஞாபகத்துக்கு வந்தது. டிவியை நிறுத்திய பிறகு இரவில் நான் கேட்டதெல்லாம் வீட்டுக் கதைகள். 1981 ஓகஸ்ட் மாதம் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்களை எரித்தது, தேயிலைக்குள் ஒளிந்து கிடந்தது, மாமா குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போனது, பிறகு 83. எல்லாம் நடந்தவை. யாரும் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் "கிராமத்து ஆட்களுக்கு நம்மைக் கண்டால் ஆகாது" என்று இடது பக்கத்தில் நான் எழுதிய வரி இன்றைய மனிதர்களைப் பற்றியது. வலது பக்கத்தில் "அம்மா, 1981" என்று எழுதினேன். அதைத் தள்ளிவிட முடியாது. அதோடு நிறுத்தவும் முடியாது.

எனக்குச் சிங்களம் பேச, வாசிக்க வரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் ஓர் அம்மாவுக்குக் கீழே கிராமத்தில் அரை ஏக்கர் தேயிலை. தோட்டத்து மக்களுக்கு வீட்டுக் காணி கொடுப்பதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். கொடுக்கட்டும், ஆனால் தன் இரண்டாவது மகனுக்கும் வீடு கட்ட இடமில்லை, அதை யார் கேட்கிறார்கள் என்றார். பிறகு பஸ் வளைவுகளில் இறங்கிய நேரம் முழுவதும் 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியதால் தன் கொழுந்து எப்படிப் போனது என்பதைத்தான் சொன்னார். வெறுப்பும் இல்லை, பாசமும் இல்லை. இடது பக்க வரியில் இந்தப் பதிலை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் அண்ணனுக்கு இந்தக் கொப்பி வேலை பிடிக்கவில்லை. "இரத்தினபுரியில நம்மாளு நின்னா சிங்களவங்க போடவா போறாங்க? இதுக்கு ஒரு கொப்பி வேற," என்பார். அதையும் அவர் பெயரிலேயே எழுதி வைத்தேன். நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் சுந்தரலிங்கம் பிரதீப் இந்த மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போனார். தமிழ் விருப்பு வாக்குகளை மட்டும் வைத்து அது நடக்காது. அண்ணன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். கொப்பியில் இடமிருந்தது, அதையும் எழுதிக்கொண்டேன்.

செய்தியிலிருந்து விலகுவது வசதி உள்ளவர்களின் பழக்கம் என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போனார். பத்திரிகை நடத்தினார், சங்கம் கட்டினார். அன்று செய்தி வராமலிருப்பது துரைமாருக்கு வசதி. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தமும் எங்கள் ஆட்களின் வாக்கைப் பறித்தபோது, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த எத்தனை பேருக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கும்? அம்மாயி, தனக்குப் பிரஜாவுரிமை இல்லை என்பதைக் கங்காணி சொல்லித்தான் அறிந்தார்.

அரசாங்கமும் எங்களுக்குச் செய்தி விரதம் வைத்திருக்கிறது. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கின்போதும் சமூக ஊடகங்களை மூடினார்கள். 2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் 'த ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பு நின்றது. நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அந்த இருட்டில் யாரும் தன் கருத்தைச் சோதித்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. வதந்திதான் வீட்டுக்கு வீடு நடந்தது. மற்றவர் மூடும் வாசலும் நான் சாத்திக்கொள்ளும் கதவும் ஒன்றல்ல என்பது என் கட்சி. எப்போது திறப்பது என்பது என் கையில் இருக்க வேண்டும்.

கொப்பி முடியும் தறுவாயில்தான் முக்கியமான விஷயம் கண்ணில் பட்டது. நான் எழுதாமல் விட்டவை. மத்திய கிழக்குப் போரைப் பற்றி எனக்கு ஒரு பக்கம் கருத்து இருந்தது. தமிழ்நாட்டுக் கூட்டணிகளைப் பற்றி இரண்டு பக்கம். சப்ரகமுவ மாகாண சபையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் பாடசாலை மாகாணத்தின் கீழ் வருவது. அந்தச் சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012இல். 2017இல் பதவிக்காலம் முடிந்தது. எல்லை நிர்ணயம், புதிய முறை என்று சட்டம் சிக்கிக் கிடக்க, மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லாமல் ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடக்கிறது. என் வகுப்பறைக் கூரை எந்த மேசையில் முடிவாகிறது என்று இத்தனை வருடம் நான் கேட்டதில்லை. தினமும் செய்தி பார்த்த காலத்திலும் கேட்டதில்லை, ஏனென்றால் நான் பார்த்த எட்டு மணிச் செய்தியில் அது வந்ததில்லை. கடன் வாங்கிய கருத்துகளைவிட இந்த வெற்றுப் பக்கம்தான் என்னை அதிகம் உறுத்தியது.

இப்போது மறுபடியும் செய்தி பார்க்கிறேன், ஞாயிறு பத்திரிகை ஒன்றும் கடையில் நின்றபடியே ஒரு சிங்களப் பத்திரிகையும். குழுக்களுக்குத் திரும்பவில்லை. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதினேன்: 2017க்குப் பிறகு எங்கள் பாடசாலைக் கட்டடத் திருத்தத்துக்கு எந்த வருடம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதைத் தீர்மானித்தவர் யார். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். அனுப்புமுன் அதிபரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார்.

"கூரைய மட்டும் கேட்டிருக்கீங்களே டீச்சர்," என்றார். "கக்கூஸையும் சேர்த்துப் போடுங்க."