வளையம் தெரிந்தால் மருந்தாகிவிடுமா?

ஹட்டன் பக்கத்து லயங்களில் தடிமன் பிடித்தால் கொத்தமல்லியோடு வெனிவெல் துண்டையும் போட்டு அவிப்பார்கள். மரமஞ்சள் கொடியின் தண்டுதான் அது. அதிலுள்ள பெர்பெரின், சீழ்க்கட்டிக்குக் காரணமான ஸ்டெபிலோகொக்கஸ் பற்றீரியாவை ஆய்வுகூடத்தில் தடுக்கிறது. அப்படியானால் பாட்டி வைத்தியம் நிரூபணமாகிவிட்டது என்று துள்ள வேண்டாம்.

சோதனை முறை எளிது. செடியை உலர்த்தி, இடித்து, மெதனோலில் ஊறவைத்து வடித்து, மெதனோலை ஆவியாக்கிச் சாறு எடுப்பார்கள். பற்றீரியா பூசிய அகார் தட்டில் சாறு தோய்ந்த கடதாசி வட்டை வைத்து, ஓரிரவு 37 பாகைச் சூட்டில் விடுவார்கள். சாற்றுக்கு வீரியம் இருந்தால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தோய்ந்த வட்டு ஒன்று. கரைப்பான் மட்டும் தோய்ந்த வட்டு இன்னொன்று.

சிக்கல் இதன் பிறகுதான். தண்ணீரில் கரையாத பொருள் அகாரில் எளிதில் பரவாது. அதனால் நல்ல மருந்துகூடச் சிறிய வளையம் காட்டலாம். எவ்வளவு குறைந்த செறிவில் கிருமி அடங்குகிறது, அந்த அளவு மனிதக் கலங்களைக் கெடுக்குமா என்றெல்லாம் தனியாகப் பார்க்க வேண்டும். நாமோ தண்ணீரில் அவித்துக் குடிக்கிறோம். மெதனோலில் இறங்குவதெல்லாம் தண்ணீரில் இறங்காது. குடித்த பெர்பெரினிலும் மிகச் சிறு பங்குதான் குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர்கிறது.

நோயாளிகளிடமே சோதிக்கும் கடைசிப் படிவரை ஏறிய மரம் ஒன்றை இந்த மலை வளர்த்திருக்கிறது: சிங்கோனா, நம்மவர் சொல்லும் கொய்னா. நுவரெலியாவுக்கு அருகே ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே அதை வளர்க்கத்தான். 1869இல் கோப்பியை இலைத்துரு நோய் தாக்கியதும் துரைமார் கொய்னாவுக்குப் பாய்ந்தார்கள். 1880களில் பட்டை குவிந்து விலை சரிய, மரங்களைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள். வியாபாரம் போனாலும் மருந்து நின்றது. பட்டையிலிருந்து கொய்னாச் சத்தை (குயினைன்) 1820இலேயே பிரித்தாயிற்று. அதையும் அதன் உடன்பிறந்த மூன்று சத்துகளையும் 1866இல் அமைந்த மெட்ராஸ் சிங்கோனா ஆணைக்குழு மலேரியாக் காய்ச்சல்காரர்களுக்கே கொடுத்து ஒப்பிட்டது. எந்தச் சத்து, எவ்வளவு, யாருக்கு என்று கணக்கு வைத்துப் பார்த்த வேலை அது.

இன்றைய காட்டுச்செடி ஆய்வுகளில் பல, வளையத்தின் மில்லிமீற்றர் கணக்கோடு முடிந்துவிடுகின்றன. பட்டத்துக்கு அது போதும், நோயாளிக்குப் போதாது. அதற்குள் வெனிவெல்லுக்குக் கிராக்கி கூடி, மெல்ல வளரும் அந்தக் கொடி காடுகளில் வெட்டுப்படுகிறது.

தடிமனுக்கு வெனிவெல் குடியுங்கள், தடையில்லை. கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் சீழ் வைத்தால் மட்டும் பச்சிலையோடு காத்திருக்காமல் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள்.