கொல்லைப்புறத்தில் ஒரு சிறு மழை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், கழுகுமலை வட்டாரத்து இல்லங்களில் ஒவ்வொரு குடம் நீருக்கும் கணக்குப் பார்க்க வேண்டியதாகிறது. அந்நாள்களில் கொல்லைக் கீரைப்பாத்தியைக் காப்பது எவ்வாறு?

கரிசல் மண்ணின் இயல்பை முதலில் அறிதல் நலம். காய்ந்தால் அது வெடிக்கும். விடும் நீர் வெடிப்பின் வழியே ஆழத்திற்கு ஓடிவிடும். நனைந்தாலோ வெடிப்பு மூடிக்கொள்ளும். பின்னர் நீர் மிக மெதுவாகவே இறங்கும். ஆகவே, மொத்தமாகக் கொட்டுவதினும் சிறுகச் சிறுகத் தூவுவதே ஏற்றது.

1933-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பழத்தோட்ட விவசாயி ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட், தட்டித் தட்டிச் சுழலும் தெளிப்பானை உருவாக்கினார். அவ்வகைத் தெளிப்பான் செவ்வனே சுழல, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ அழுத்தம் வேண்டும். 4 மீட்டர் உயரத்திலுள்ள மாடித் தொட்டி தருவதோ அரைக் கிலோவுக்கும் குறைவே. எனவே நம் இல்லங்களுக்குத் துளையிட்ட குழாயே பொருத்தம்.

அரை அங்குல ஜி.ஐ. குழாய் 6 அடி வாங்கி, இருமுனையிலும் மரை போடச் செய்யுங்கள். ஒரு முனைக்குத் திருகு மூடி. மறுமுனையில் ரப்பர் குழாயைக் கிளிப்பிட்டு இறுக்குங்கள். 3 அங்குல இடைவெளியில், ஒன்று இடப்புறமும் அடுத்தது வலப்புறமும் சாய்ந்திருக்குமாறு, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் 20 துளைகள் இடவேண்டும். பிசிறுகளை அரத்தால் நீக்கித் துளையோரங்களில் துரு பிடிக்காதிருக்க வர்ணம் பூசுங்கள். துளைகளைப் பெரிதாக்கினால் தொட்டியருகே மட்டும் நீர் பீறிட்டு, கடைசித் துளைகள் வெறுமனே சொட்டும். மாதமொருமுறை மூடியைத் திறந்து கசடை வெளியேற்றுங்கள்.

இக்குழாய் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 லிட்டர் வரை நீரைத் தூவும். ஆதலால் திறந்துவிட்டு அடுப்படிக்குச் சென்று மறந்துவிடலாகாது. 10 நிமிடம் கடந்தால் 100 லிட்டர் போயிற்று! நண்பகல் வெயிலும் காற்றும் நீரைக் கவர்ந்துவிடும். அதிகாலையே உகந்த வேளை.

உப்புநீர்க் கிணறுள்ளோர் இதனைத் தவிர்க்க வேண்டும். இலைமீது படியும் உப்பு இலையைக் கருக்கிவிடும். தக்காளி, கத்தரிக்கும் இலை நனைதல் நோயை வருவிக்கும். அவற்றின் வேரடிக்கு, ஒளூச் செய்த நீரையும் அரிசி கழுவிய நீரையும் ஊற்றினாலே போதும்.

செலவு சிறிது, பயனோ தினமும் அடுப்பங்கரைக்கு வரும் பசுங்கீரை. சகோதரிகளே, இவ்வாரமே முயன்று பாருங்கள்!