கியர் பாக்ஸைப் பிரிக்கும் முன் கம்பியைப் பாருங்கள்!

பாச்சலூர் மலைப்பகுதியில் சௌசௌவும் பீன்ஸும் விளைவிக்கும் விவசாயி ஒருவருக்கு, பழைய வேன் ஒன்றுதான் துணை. தோட்டத்தில் மூட்டைகளை ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, ஏலம் தொடங்கும் முன் ஒட்டன்சத்திரம் சந்தையில் சேர்த்தாக வேண்டும். சில மாதங்களாகவே வேனின் கியர் லீவர் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட்டார்.

ஒரு நாள் இறக்கத்தில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்ற லீவரை இழுத்தார். கியர் விழவில்லை. நியூட்ரலில் இருந்த வண்டி, பாரத்தோடு வேகமெடுத்தது. பிரேக்கை மிதித்து, கை பிரேக்கையும் இழுத்து, மலையோரமாக அணைத்து நிறுத்தினார். நல்லவேளை, எதிரே வண்டி வரவில்லை.

முதலில் பார்த்த பட்டறையில், "கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும்" என்றார்கள். ஒரு போக வருமானமே போய்விடுமோ என்று பயந்தவர், இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, கியர் பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. கம்பியில இருக்குற புஷ்ஷுதான் தேஞ்சு போச்சு" என்றார். சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

ஏன் தேய்கிறது?

முன் இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள வேன்களில், கியர் லீவர் ஓரிடத்தில் இருக்கும். கியர் பாக்ஸ் பின்னால் தள்ளி இருக்கும். இரண்டையும் இணைப்பது நீளமான கம்பி. கம்பியின் ஒவ்வொரு மூட்டிலும் நைலான் அல்லது ரப்பர் புஷ், ஒரு பின், வாஷர் ஆகியவை இருக்கும். மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, கியருக்கு இந்தப் புஷ் அப்படி.

லீவருக்குக் கீழே உள்ள ரப்பர் உறை கிழிந்தால் சேறும் மணலும் மூட்டுக்குள் புகும். கிரீஸோடு மணல் சேர்ந்தால் உப்புத்தாள் போல அரித்துவிடும். ஒரு மூட்டில் 2 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் தெரியாது. நான்கு மூட்டிலும் அதே ஆட்டம் சேர்ந்தால் 8 மில்லிமீட்டர். லீவரின் நீளத்தால், கைப்பிடியில் அது இன்னும் பெரிதாகத் தெரியும். முதல் கியர் போட்டால் மூன்றாவது விழுவதும், ரிவர்ஸ் அகப்படாமல் போவதும் இதனால்தான்.

கோளாறு எங்கே?

* எஞ்சினை நிறுத்தியிருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கறகறவென்று சத்தம் வந்தால், முதலில் கிளட்ச்சைப் பாருங்கள்.
* எஞ்சின் நின்றிருக்கும்போதும் லீவர் தாராளமாக ஆடினால், கம்பி மூட்டுகளைப் பாருங்கள்.
* மூட்டுகள் இறுக்கமாக இருந்தும், மேட்டில் பாரத்தோடு ஏறும்போது கியர் தானாகக் கழன்றால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களையும் கியர் பாக்ஸையும் சோதிக்க வேண்டும்.
* கம்பிக்குப் பதில் கேபிள் உள்ள வண்டிகளில், கேபிள் இழை பிரிந்திருந்தால் புதிதாக மாற்றுவதே வழி.

சரிசெய்யும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. உறுதியான ஸ்டாண்ட் வேண்டும். இல்லாவிட்டால் பட்டறைப் பள்ளத்தில் நிறுத்தியே பார்க்க வேண்டும்.

ஒருவர் மேலே லீவரை மெதுவாக அசைக்க, இன்னொருவர் கீழே கவனிக்கட்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாமல் நிற்கும் இடத்தில்தான் தேய்மானம். கம்பியைக் கழற்றிவிட்டு, கியர் பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நிலையிலும் 'டக்'கென்று பிடித்தால் கியர் பாக்ஸ் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள்.

கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தும் முன், அது இருந்த இடத்தில் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு காட்டர் பின்னை எடுத்து, புஷ்ஷைக் கழற்றி, பகுதிகளைத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். பின் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தாலும், துளை முட்டை வடிவமாகியிருந்தாலும் புஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண். சீக்கிரமே மறுபடியும் ஆடும். பின்னையும் சேர்த்து மாற்றுங்கள். தேவைப்பட்டால் கம்பியையும் மாற்றுங்கள்.

புதிய புஷ்ஷுக்கு லேசாகக் கிரீஸ் தடவிப் பொருத்தி, காட்டர் பின்னையும் புதிதாகப் போடுங்கள். கியர் பாக்ஸும் லீவரும் நியூட்ரலில் இருக்கும்போதுதான் கிளாம்ப்பை இறுக்க வேண்டும். கிழிந்த ரப்பர் உறையை மாற்ற மறக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தியபடியே எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்து, பிறகு காலி வண்டியாகச் சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகே பாரம் ஏற்றுங்கள்.

கட்டுக்கம்பி வைத்தியம் வேண்டாம்

சைக்கிள் டியூப்பைச் சுற்றுவதும், கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டுவதும் ஊர்களில் வழக்கம். பட்டறை வரை மெதுவாகப் போக அது உதவும். மூட்டையோடு மலை இறங்க உதவாது. தேய்ந்த மூட்டின் மேல் வெல்டிங் வைத்தால் அசைய வேண்டிய இடம் இறுகிவிடும். எரிபொருள் குழாய்க்கு அருகில் வெல்டிங் பொறி பட்டால் வண்டியே தீப்பிடிக்கும்.

இறக்கம் தொடங்கும் முன்பே, மேட்டில் ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதைப் போட்டுவிடுங்கள். நடுவில் கியர் விழாவிட்டால் எஞ்சினை அணைக்காதீர்கள். பல வண்டிகளில் பிரேக் மிதி கட்டைபோல இறுகிவிடும். பிரேக்கை உறுதியாக மிதித்து, மலையோரம் நிறுத்துங்கள்.

மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை இந்த மூட்டுகளைப் பார்த்தால் போதும். உழவு முடிந்ததும் கலப்பையைக் கழுவி வைக்கிறோம். சந்தைக்குப் போகும் வண்டியும் அதே விவசாயக் கருவிதான். அந்த மலை விவசாயி இப்போது மூட்டை ஏற்றும் முன் லீவரை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார்.