சுவர்களைப் பிணைக்கும் தொடர் லிண்டல்

1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மராட்டிய மாநிலத்தின் லாத்தூர் பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6.2. உலக அளவில் அது பெரிய நடுக்கமே அல்ல. ஆனாலும் உறங்கிக்கொண்டிருந்த ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள். அங்கே வீட்டுச் சுவர்கள் இரண்டடிக்கும் மேல் தடித்தவை; கருங்கல்லைச் சேற்றில் வைத்துக் கட்டியவை; மேலே கனத்த மண்கூரை. சுவர் தடித்தால் வீடு உறுதி என்ற நம்பிக்கை இன்றும் நம்மிடம் இருக்கிறது. லாத்தூர் அதைப் பொய்யாக்கியது. ஆளைக் கொன்றது நிலத்தின் ஆட்டம் அல்ல, சுவரின் எடை.

நிலம் பக்கவாட்டில் ஆடும்போது ஒரு சுவர் தன் நீளவாக்கில் வரும் விசையை நன்றாகவே தாங்கும். குறுக்கே வரும் விசைக்குத்தான் அது பலவீனமானது, வெளிப்புறமாகச் சாய்ந்துவிடும். அப்போது முதலில் பிளப்பது மூலை. மூலை விட்டுப்போனால் நான்கு சுவர்களும் நான்கு தனி மனிதர்கள். கூரை எதன்மேல் நிற்கும்? இதைத் தடுப்பதுதான் கதவு, சன்னல்களின் தலைமட்டத்தில் எல்லாச் சுவர்களையும் சுற்றி ஓடும் கம்பியிட்ட கான்கிரீட் பட்டி, அதாவது தொடர் லிண்டல். மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளை இரும்புப் பட்டா இறுக்கிப் பிடிப்பது போல, அது சாயவரும் சுவரின் பாரத்தைப் பக்கத்துச் சுவருக்குக் கடத்துகிறது. இந்த எண்ணம் புதிதல்ல. 1931-இல் பலூசிஸ்தானின் மாக் பகுதியில் ஏற்பட்ட நடுக்கத்துக்குப் பிறகு, எஸ்.எல். குமார் என்ற ரயில்வே பொறியாளர் இரும்பால் பிணைத்த குடியிருப்புகளை குவெட்டாவில் வடிவமைத்தார். 1935 நிலநடுக்கத்தில் அந்த நகரம் தரைமட்டமானது. அந்தக் குடியிருப்புகள் நின்றன.

செலவு கூடுமே என்பார்கள். கதவுக்கும் சன்னலுக்கும் மேலே எப்படியும் லிண்டல் போடத்தான் போகிறோம். இடையில் விடுபடும் சுவர் நீளத்துக்கும் அதைத் தொடர்வதே கூடுதல் வேலை. வீட்டின் மொத்தச் செலவில் அது சிறு பங்கு. தூண் போட்ட கட்டடத்துக்கு நிலநடுக்கக் கவலையே இல்லை என்பது இன்னொரு வாதம். 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் பூஜ் பகுதி குலுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் தூண்களின்மேல் எழுந்த அடுக்குமாடிகள் பல சரிந்தன. கார் நிறுத்தத் தரைத்தளத்தைச் சுவரின்றித் திறந்துவிட்டதால், மொத்த ஆட்டமும் அந்த ஒரு தளத்துத் தூண்களின்மேல் விழுந்தது. நம் ஊரில் நடுக்கம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 2002-இல் திருத்தப்பட்ட இந்தியத் தரநிர்ணயம் சென்னையை நிலநடுக்க அபாயத்தின் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது.

பட்டி மட்டுமே எல்லாவற்றையும் காத்துவிடாது என்பது உண்மை. சேற்றில் கட்டிய கல்சுவரின் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனியே பிரியாதிருக்க, இரண்டையும் ஊடுருவும் நீளக்கற்கள் வேண்டும். மூலைகளில் செங்குத்துக் கம்பி வேண்டும். பட்டியிலும் மூலைதான் உயிர். கம்பியை அங்கே வெட்டி நிறுத்தினால் பட்டி இருந்தும் பயனில்லை. அது வளைந்து பக்கத்துச் சுவருக்குள் போதிய நீளம் போக வேண்டும். கான்கிரீட் கொட்டிவிட்டால் இதைப் பார்க்க முடியாது. ஆகவே வீடு கட்டுபவர்கள் லிண்டல் மட்டத்துக்குக் கம்பி கட்டும் நாளில் தவறாமல் நேரில் போங்கள். நான்கு மூலைகளையும் பார்த்த பிறகே கொட்டச் சொல்லுங்கள்.