வேலியே பயிரை மேய்ந்தால்...

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கினால் என்ன ஆகும்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான். முடக்குவாதம் என்னும் மூட்டுநோய் அத்தகையது. காலையில் விரல்களை மடக்க இயலாது, மூட்டுகள் வீங்கும், கவனியாது விட்டால் எலும்பும் அரிக்கப்பட்டு, கைகால்கள் கோணிவிடும்.

இந்த வீக்கத்தைத் தூண்டும் பொருள்களுள் முக்கியமானது டி.என்.எஃப். என்னும் புரதம். அதைத் தடுத்தால் வீக்கம் தணியும் என்பதை 1992-இல் லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோர் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கி மெய்ப்பித்தனர். மைனி நம் பஞ்சாபின் லூதியானாவில் பிறந்தவர். இவ்வழியில் வந்த மருந்துகளுள் ஒன்று அடலிமுமாப். 2002-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2014-இல் அதற்கு ஒப்பான மருந்து நம் நாட்டிலேயே விற்பனைக்கு வந்தது. இதுவும் ஒரு புரதமே, விழுங்கினால் செரித்துவிடும். ஆகவேதான் ஊசி. வழக்கமான அளவு இரு வாரத்திற்கு ஒருமுறை 40 மில்லிகிராம்.

ஆனால் டி.என்.எஃப். நமக்கு வெறும் பகைவன் அன்று. காசநோய்க் கிருமி பலருடைய உடலில் நோய் காட்டாமல் உறங்கிக் கிடக்கிறது. வெள்ளை அணுக்கள் அதைச் சூழ்ந்து சிறை வைத்திருக்கின்றன. அச்சிறைச்சுவர் இடியாமல் நிற்க டி.என்.எஃப். தேவை. 2001-இல், இவ்வகை மருந்தாகிய இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களுள் 70 பேருக்குக் காசநோய் கண்டதாக ஆய்வறிக்கை வெளிவந்தது. எனவே முதல் ஊசிக்கு முன்பே மார்பு எக்ஸ்-ரே, மாண்டூ அல்லது இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து, பிறகே இது. ஹெப்பட்டைட்டிஸ்-பி சோதனையும் அவசியம்.

ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும், உறையவிடலாகாது. போடுவதற்கு முன் 15 முதல் 30 நிமிடம் வெளியே வைக்கலாம். வெந்நீரில் சூடாக்குவதும் குலுக்குவதும் தவறு. தொடையிலோ, தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டு வயிற்றிலோ, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிப் போட வேண்டும். போட்ட ஊசியைத் துளைபடாத டப்பாவில் சேர்க்க வேண்டும்.

காய்ச்சல், நீடித்த இருமல், எடை குறைவு ஆகியவை கண்டால் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவரைக் கேளாமல் எந்தத் தடுப்பூசியும் கூடாது. உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பூசிகள் ஆகவே ஆகா.

வலி நின்றதும் எச்சரிக்கையை மறப்பது மனித இயல்பு. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படிக்க வல்லவர் வீட்டில் நாம் ஒருவரே எனில், அதைப் படித்துப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமையன்றோ! வேலியைத் தளர்த்துமுன், உள்ளே எது படுத்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.